அஞ்சல்வழிப் பள்ளியும் வீட்டு ஆசிரியையும்: ஓட்டோ பீட்டர்ஸின் கோட்பாட்டுக்கு ஒரு மறுப்பு

தொழிற்சாலை உற்பத்தியின் முறைகளைக் கற்பித்தலுக்குள் கொண்டுவந்ததே தொலைநிலைக் கல்வி என்பது ஓட்டோ பீட்டர்ஸின் முடிவு. 1967இலும் 1973இலும் வெளிவந்த அவருடைய இரண்டு ஜெர்மன் நூல்கள் இதை நிறுவ முயன்றன. 1974இல் தொடங்கப்பட்ட ஹாகன் தொலைநிலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரும் அவரே என்பதால், அவருடைய கருத்து ஏட்டோடு நிற்காமல் ஒரு பெரிய நிறுவனத்தையும் வடிவமைத்தது. இந்தியாவில் தொலைநிலைக் கல்வியியல் படிப்போர் முதலில் சந்திக்கும் கோட்பாடுகளில் இன்றும் இது ஒன்று.

கோட்பாட்டின் சாரம் தெரிந்ததுதான். வகுப்பறையில் ஓர் ஆசிரியர் தனியாகச் செய்யும் வேலை தொலைநிலைக் கல்வியில் பிரிந்துவிடுகிறது: பாடத்தை ஒருவர் எழுதுகிறார், ஒருவர் செப்பனிடுகிறார், ஒருவர் அச்சிடுகிறார், வேறொருவர் விடைத்தாளைத் திருத்துகிறார். வேலைப் பகிர்வு, முன்திட்டம், ஒரே தரம், பேரளவு உற்பத்தி, மையப்படுத்தல் எனத் தொழிற்சாலையின் இலக்கணம் அனைத்தும் இதில் இருப்பதாகப் பீட்டர்ஸ் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். 1962இல் தில்லிப் பல்கலைக்கழகமும் 1979இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தொடங்கிய அஞ்சல்வழிப் படிப்புகளுக்கு இந்த விளக்கம் பொருந்தும். வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் பெற விரும்பிய வயதுவந்தவர்களுக்கு மையத்திலிருந்து பாடக்கட்டு வந்தது. அவர்கள் படித்தார்கள், தேர்வு எழுதினார்கள்.

எட்டு வயதுக் குழந்தைக்கு அந்தப் பாடக்கட்டு வந்தால் என்ன ஆகும்? பீட்டர்ஸ் பல்கலைக்கழகத்தை மட்டுமே பேசினார் என்று அவருக்காக வாதாடுவோர் உண்டு. 1967 நூலுக்கு அது பொருந்தும். 1973 நூலோ தொலைநிலைக் கற்பித்தல் முழுவதற்குமான அமைப்பையே முன்வைக்கிறது. அப்படியானால் பள்ளிப் பிள்ளைகளின் வரலாற்றுக்கும் அது விடை சொல்லியாக வேண்டும். அந்த வரலாறு அவருக்குத் தெரிய வாய்ப்பில்லாத ஒன்றும் அல்ல. ஆஸ்திரேலியக் கல்வி ஆய்வுக் குழுவின் கே. எஸ். கன்னிங்ஹாம், அந்நாட்டு அஞ்சல்வழித் தொடக்கப்பள்ளிகளைப் பற்றித் தனி நூலே 1931இல் எழுதிவிட்டார். பீட்டர்ஸின் முதல் கோட்பாட்டு நூலுக்கு அது 36 ஆண்டுகள் முந்தியது.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1914இல் விக்டோரியா மாநிலத்தின் ஓட்வே மலைக்காட்டில் குடியேறிய ஒரு தந்தை, பள்ளிக்கூடம் எட்டாத தூரத்தில் இருக்கும் தன் பிள்ளைகளுக்கு ஏதாவது வழி செய்யுமாறு கல்வித் துறைக்குக் கடிதம் எழுதினார். மெல்பர்ன் ஆசிரியர் கல்லூரியின் பயிற்சி மாணவர்கள் தபாலில் பாடம் அனுப்பத் தொடங்கினார்கள். 1916இல் நியூ சவுத் வேல்ஸ், 1918இல் மேற்கு ஆஸ்திரேலியா, 1920இல் தெற்கு ஆஸ்திரேலியா, 1922இல் குவீன்ஸ்லாந்து என்று முறை பரவியது. தொடக்கத்தில் திட்டமோ இயந்திரமோ பேரளவோ எதுவும் இல்லை. ஒரு குடும்பம் கேட்டது, சில மாணவர்கள் பதில் எழுதினார்கள். தொழிற்சாலை இலக்கணம் பின்னால் வந்து சேர்ந்திருக்கலாம்; பிறப்பிலேயே இருந்தது என்று சொல்ல இடமில்லை.

பிறப்பைப் பற்றிய சச்சரவு சிறியது. பெரியது வேறு. தபாலில் வந்த பாடத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கவே தெரியாத பிள்ளைக்கு முன்னால் வைத்தால் அது காகிதமாகத்தான் கிடக்கும். உறையைப் பிரித்து, இன்றைக்கு எது, நாளைக்கு எது என்று அடுக்கி, பென்சிலைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, தப்பாக எழுதியதை அழிக்கச் சொல்லி, முடிந்ததைக் கட்டி அடுத்த தபாலில் சேர்க்க ஓர் ஆள் வேண்டும். பெரும்பாலும் அவர் தாய். வசதியான பண்ணைகளில் வீட்டோடு தங்கிப் பாடம் சொல்ல ஓர் இளம்பெண்ணை வைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் கால்வர்ட் பள்ளி 1906இல் வீட்டுப்பாடத் திட்டத்தைத் தொடங்கியபோது, நாள்தோறும் என்ன செய்ய வேண்டும் என்ற வழிகாட்டிக் கையேட்டைப் பெற்றோருக்காகவே எழுதியது. பாடம் யாரை நோக்கிப் பேசுகிறது என்று பார்த்தாலே போதும். பீட்டர்ஸின் பட்டியலில் இடம்பெறாத ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பது தெரியும்.

இதற்கு என்னிடம் இருக்கும் வலுவான சான்று ஒரு கருவி. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஜான் ஃப்ளின்னின் முயற்சியால் 1928இல் குவீன்ஸ்லாந்தின் குளோன்கரியில் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கியது. விமானம் இருந்தும், நோயாளி இருக்கும் செய்தி வந்து சேர வழி இல்லை. அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் டிரெகர், சைக்கிள் மிதிப்பது போல் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவியைச் செய்தார். 1929இல் முதல் கருவி அகஸ்டஸ் டவுன்ஸ் என்ற கால்நடைப் பண்ணையில் வைக்கப்பட்டது. மையத்திலிருந்து வரும் பேச்சைப் பண்ணையில் கேட்க முடியும். பண்ணையிலிருந்து திருப்பிச் சொல்ல மோர்ஸ் குறியீட்டைத் தட்ட வேண்டும். புள்ளியும் கோடுமாகத் தட்டும் பழக்கம் தந்தி ஊழியருக்கு உண்டு. பண்ணை வீட்டில் யாருக்கு உண்டு? ஆண்கள் மாட்டுமந்தையோடு நாள்கணக்கில் வெளியே போய்விடுவார்கள். கருவியின் முன்னால் உட்கார்பவர் வீட்டுப் பெண்.

டிரெகர் 1930களின் தொடக்கத்தில் தட்டச்சு இயந்திரம் போன்ற ஒரு விசைப்பலகையை இணைத்தார். எழுத்துள்ள விசையை அழுத்தினால் அதற்குரிய மோர்ஸ் குறியீடு தானாகப் போகும். கால் மிதிக்கிறது, விரல் எழுத்தைத் தேடுகிறது, செய்தி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி மையத்துக்குப் போகிறது. இருமுனையும் குரலாலேயே பேசும் கருவி வந்தபின் விசைப்பலகை வழக்கொழிந்தது. ஆகவே இது குறுகிய காலம் வாழ்ந்த வடிவம், பலரும் ஒரு வரியில் கடந்துபோகும் வடிவம். ஆனால் என் வாதத்துக்கு அந்த இடைக்கால வடிவம்தான் முக்கியம். மையத்தின் வசதிக்கேற்பக் கருவி செய்து, பண்ணைப் பெண்ணை மோர்ஸ் கற்கச் சொல்லியிருந்தால் அது தொழிற்சாலையின் வழி: ஒரே தரம், ஒரே பயிற்சி. இங்கே கருவி அந்தப் பெண்ணின் கைக்கேற்ப மாறியது. வீட்டில் இருப்பவரை அமைப்பின் ஓர் உறுப்பாக, அவருக்கு என்ன தெரியும் என்ன தெரியாது என்று எண்ணிப் பார்த்து, வடிவமைப்பு நடந்திருக்கிறது. டிரெகர் இப்படித்தான் நினைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் நினைப்பு எதுவாயினும், விசைகள் அதைத்தான் சொல்கின்றன.

1942இலிருந்து பண்ணைகளில் வைக்கப்பட்ட மருந்துப்பெட்டியும் இதே வழியில் அமைந்தது. மருந்துகளுக்கு எண் இட்டிருந்தார்கள். மருத்துவர் வானொலியில் எண்ணைச் சொல்ல, தாய் எடுத்துக் கொடுத்தார். அறிகுறியைப் பார்த்துச் சொன்னதும் அவர், மருந்து இறங்கியதா என்று இரவு விழித்துப் பார்த்ததும் அவர்.

இந்த வலையமைப்பின் மேல்தான் ஸ்கூல் ஆஃப் தி ஏர் என்ற வானொலிப் பள்ளி எழுந்தது. பறக்கும் மருத்துவர் சேவையின் தெற்கு ஆஸ்திரேலியக் குழுவில் இருந்த அடிலெய்ட் மீத்கி என்ற கல்வியாளர், தனிமையில் வளரும் பண்ணைக் குழந்தைகளின் கூச்சத்தைக் கண்டு, மருத்துவ வானொலியையே பாடத்துக்குப் பயன்படுத்தலாமே என்று யோசித்தார். எந்த ஆண்டில் யோசித்தார் என்பதில் கூற்றுகள் ஒத்துப்போகவில்லை. 1944 என்பது ஒன்று, 1946 என்பது மற்றொன்று. பள்ளி தொடங்கிய நாளிலும் இதே குழப்பம். 1950இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் சோதனை ஒலிபரப்பு நடந்ததைக் கொண்டு அதையே தொடக்கமாகக் கொள்வோர் உண்டு. முறையான திறப்பு 1951இல் என்போரிலும் மே 8 என்று சிலரும் ஜூன் 8 என்று சிலரும் எழுதுகிறார்கள். மாதப் பெயர் ஏதோ ஒரு பிரதியில் மாறி, அங்கிருந்து பெருகியிருக்கலாம் என்பது என் ஊகம். மே 8 எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. முடிந்த முடிவாக அதை வைக்கவில்லை.

நாளைவிட முக்கியமானது ஒலிபரப்பின் வடிவத்தில் நேர்ந்த மாற்றம். முதலில் பாடம் ஒருவழியாகப் போனது: ஆசிரியை பேசினார், குழந்தைகள் கேட்டார்கள். சிறிது காலத்திலேயே ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கேள்வி–பதில் நேரம் சேர்க்கப்பட்டது. பீட்டர்ஸின் கணக்குப்படி இது பின்னடைவு. ஒரே பாடத்தை ஆயிரம் பேருக்கு அனுப்பும் வசதி இருக்கும்போது ஒவ்வொரு குழந்தையின் குரலுக்கும் காத்திருப்பது உற்பத்தியைக் குறைக்கும். ஆயினும் பள்ளி அந்த வழியில்தான் வளர்ந்தது. அடிலெய்டிலிருந்து வரும் அஞ்சல் பாடங்களும் நிற்கவில்லை. வானொலி அவற்றுக்குத் துணையாகவே இருந்தது. நாளின் பெரும்பகுதி, மைக்கை அணைத்தபின், குழந்தையும் தாயும் ஒரு மேசையில் உட்கார்ந்து கழிந்தது.

அவசர காலத்திலும் இதையே காண்கிறோம். 1937 செப்டம்பரில் போலியோ பரவியதால் சிகாகோவில் பள்ளிகள் திறக்கவில்லை. 3ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு நகரின் ஆறு வானொலி நிலையங்கள் 15 நிமிடப் பாடங்களை ஒலிபரப்பின. நாளிதழ்கள் அன்றன்றைய பாடக்குறிப்பை அச்சிட்டன. மையத்தின் பக்கம் பார்த்தால் பீட்டர்ஸுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் பெற்றோர் கூப்பிட்டுக் கேட்க ஒரு தொலைபேசி ஏற்பாட்டையும் கல்வித் துறை செய்ய வேண்டியிருந்தது. முதல் நாளே ஆயிரத்துக்கு மேல் அழைப்புகள். பதில் சொல்ல ஆசிரியர்களைக் கூடுதலாக அமர்த்தினார்கள். 2020இல் நம் வீடுகளில் கைப்பேசியின் முன் பிள்ளையை உட்கார வைத்துப் பாடாய்ப்பட்டவர்களுக்கு இந்த அழைப்புகள் எதைப் பற்றியவை என்று விளக்க வேண்டியதில்லை.

பீட்டர்ஸின் பக்கமிருந்து வரக்கூடிய சிறந்த பதில் இது: தாயும் வேலைப் பகிர்வில் ஒரு பங்காளிதானே, அவரைக் கடைசிக் கட்டத் தொழிலாளியாகச் சேர்த்துக்கொண்டால் கோட்பாடு நிற்குமே. நிற்காது என்பதே என் கருத்து. தொழிற்சாலையில் ஒவ்வொருவர் வேலையும் முன்கூட்டி வரையறுக்கப்படுகிறது, கண்காணிக்கப்படுகிறது, கூலி பெறுகிறது. பண்ணை வீட்டில் பாடம் நடத்தியவருக்கு இந்த மூன்றும் இல்லை. பால் கறந்து, சமைத்து, கணக்கு எழுதி, இடையே பாடம் சொன்னவர் அவர். அவரைத் தொழிலாளி என்று எழுதிவிட்டால், கொடுக்காத கூலியைக் கொடுத்ததாகக் கணக்கில் ஏற்றியதாகிவிடும். பீட்டர்ஸ் பின்னாளில் தொழில்யுகத்துக்குப் பிந்திய சமூகத்தில் தொலைநிலைக் கல்வி எப்படி மாறும் என்று எழுதித் தம் நிலையைத் தளர்த்தினார். டெஸ்மண்ட் கீகனும் தம் 1980 வரையறையில் இருந்த தொழில்மயக் கூறுக்குப் பின்னர் அந்த முதன்மையைத் தரவில்லை. ஆனால் இந்தத் திருத்தங்களும் நிறுவனத்தையும் தொழில்நுட்பத்தையும் பற்றியவையே.

என் வாதத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். வானொலிக் கருவியும் அஞ்சல் பாடமும் பண்ணை உரிமையாளர், மேலாளர் வீடுகளுக்கே பெரிதும் போயின. அதே பண்ணைகளில் உழைத்த பூர்வகுடிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இவை அநேகமாக எட்டவில்லை. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்ற அனுமானத்தின் மேல் கட்டிய கல்வி, அப்படி ஒருவர் இல்லாத வீட்டைத் தொடக்கத்திலேயே வெளியே நிறுத்திவிட்டது. வீட்டு ஆசிரியையைக் கோட்பாடு காணாததால், அவர் இல்லாத வீடும் அதன் கண்ணில் படவில்லை.

1971இல் நியூ சவுத் வேல்ஸின் பர்க் என்ற ஊரில் கூடிய குடும்பங்கள், தொலைவில் வாழும் குழந்தைகளுக்கான பெற்றோர் சங்கத்தை அமைத்தன. 1973இல் மத்திய அரசு அக்குழந்தைகளுக்கான உதவித்தொகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. விடுதிச் செலவுக்கும் தொலைநிலைக் கல்விச் செலவுக்கும் அதில் பணம் உண்டு. வானொலி போய்ச் செயற்கைக்கோள் வந்தபின்னும், மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து பாடம் நடத்துபவருக்கென்று அந்தத் திட்டத்தில் ஊதியம் சேர்க்கப்படவில்லை. அதற்குத் தனிப்படி வேண்டும் என்பது பெற்றோர் சங்கம் பல ஆண்டுகளாக எழுப்பிவரும் கோரிக்கை.