குளவிக் கொட்டும் ஒரு நோயாளர் முன்வைப்பும்: புதிதாகப் பணியேற்கும் தாதியருக்கு

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ தாதியப் பயிற்சி முடித்தவர்களுக்கு முதல் நியமனம் சொந்த மாவட்டத்திலேயே கிடைக்கும் என்பதில்லை. மாத்தளை மாவட்டத்தில் உள்ள வைத்தியசாலை ஒன்றில் பணியேற்கும் வன்னிப் பிள்ளை ஒருவரை எண்ணிப் பாருங்கள். விடுதியில் பேச்சு சிங்களம். பெட் ஹெட் டிக்கெட்டில் எழுத்து ஆங்கிலம். நோயாளரோ சில வேளை தமிழ் மட்டும் தெரிந்தவர். சில வாரங்களில் சிஸ்டர் வந்து, "அடுத்த கிழமை கேஸ் பிரசன்டேஷன் உங்களுடையது" என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்கு எப்படித் தயாராவது என்பதே இக்கட்டுரை.

எடுத்துக்காட்டுக்குச் சீகிரியாவையே எடுத்துக்கொள்வோம். காசியப்ப மன்னன் 5ஆம் நூற்றாண்டில் கோட்டை அமைத்த, 1982 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த அந்தக் குன்றின் பாறை இடுக்குகளில் பெரிய கூடுகள் தொங்குகின்றன. சத்தமிட வேண்டாம் என்று அறிவித்தல் பலகைகள் உண்டு. கொட்டத் தொடங்கினால் புகுந்துகொள்ளக் கம்பிவலைக் கூடுகளும் உண்டு. ஆனாலும் சுற்றுலா வந்தவர்கள் கொட்டு வாங்கி வைத்தியசாலைக்கு வருவது இடைக்கிடை நடக்கிறது. தேயிலைத் தோட்டங்களில் குளவிக் கொட்டுக்கு இலக்கானோர் பற்றிய செய்திகளையும் நாம் அடிக்கடி வாசிக்கிறோம். ஆகவே இது ஒரு தாதி எங்கும் சந்திக்கக்கூடிய நோயாளர்தான்.

கீழே வருபவர் உண்மையான ஒருவரல்லர்; விளக்கத்துக்காக அமைத்த உரு. கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்த 46 வயதுப் பெண். ஊராருடன் பஸ்ஸில் சுற்றுலா வந்தவர். படியேறும்போது தலையிலும் கழுத்திலும் பல இடங்களில் கொட்டு. 1990 சுவசெரிய அம்புலன்ஸில் கொண்டுவரப்படுகிறார். உடலெங்கும் தடிப்பு, மூச்சிரைப்பு. குருதி அமுக்கம் 80/50, நாடித்துடிப்பு 128, ஒட்சிசன் செறிவு 90 வீதம். கூட வந்தவர் அரைகுறைச் சிங்களத்தில் "பயந்துவிட்டார்" என்கிறார். குறிப்பில் "பதகளிப்பு" என்று ஏறுகிறது.

நீங்கள் போய்த் தமிழில் கேட்கிறீர்கள். அவர் சொல்வது வேறு: "தொண்டை இறுகுற மாதிரிக் கிடக்கு பிள்ளை. கண் இருட்டுது. எனக்கு ஏதோ நடக்கப்போகுது எண்டு மனம் சொல்லுது." இந்தக் கடைசி வாக்கியத்தைப் பயம் என்று சுருக்கிவிடக் கூடாது. இறக்கப்போகிறேன் என்ற உணர்வு கடும் ஒவ்வாமை அதிர்ச்சியின் அறியப்பட்ட ஓர் அறிகுறி. முன்வைப்பின் முதல் வரியில் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே வாசியுங்கள், பிறகு மொழிபெயருங்கள். சிங்களமும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்த மூத்தவர்களால் செய்ய முடியாத ஒன்றை அந்த இடத்தில் நீங்கள் செய்கிறீர்கள். மொழி தெரியாதவள் என்று கூச்சப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றும் அவர் சொல்லலாம்: "இரைச்சல் கேட்டவுடன குப்புறப் படுத்திட்டன்." யுத்தத்துக்குள் வாழ்ந்தவருக்கு அது பழகிய உடல் அசைவு. அதைக் கேட்டதும் எல்லாமே மனப் பாதிப்பு என்று முடிவெடுப்பவர்களும் இருப்பார்கள். இரண்டும் ஒருங்கே இருக்கலாம். ஆனால் 80/50 என்ற குருதி அமுக்கத்தைப் பயம் உண்டாக்குவதில்லை. பயந்தவருக்கு அது பெரும்பாலும் ஏறும். எண்களையும் நோயாளரின் சொற்களையும் அருகருகே வைத்துக் காட்டுவதே உங்கள் வேலை.

எது கொட்டியது என்பதிலும் மொழிச் சிக்கல் உண்டு. சிங்களத்தில் பெருந்தேனீக்கு 'பம்பரா', குளவிக்கு 'தெபரா'. நம்மவர் பலர் இரண்டையும் குளவி என்றே சொல்வர். தேனீ கொடுக்கைத் தோலில் விட்டுச் செல்லும். அதை உடனே அகற்ற வேண்டும். குளவி பொதுவாக விடாது, ஒன்றே பல தடவை கொட்டும். தோலில் கொடுக்கு இருந்ததா, எத்தனை கொட்டு, எந்தெந்த இடம் என்று பார்த்து எழுதியிருந்தால் முன்வைப்பில் அரைவாசி முடிந்தது.

அடுத்தது நேரக்கோடு. கொட்டியது எத்தனை மணி, முதல் அறிகுறி எப்போது, அட்ரினலின் ஏற்றியது எப்போது? வளர்ந்தவருக்கு 1:1000 கரைசலில் 0.5 மில்லிலீற்றர், அதாவது 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். குணமில்லையெனில் 5 நிமிடத்தில் மீண்டும். இந்த நோயாளருக்கு வலது தொடையில் பழைய காயத் தழும்பு. தழும்பான தசையில் மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது என்பதால் இடது தொடையில் ஏற்றினீர்கள். அதைச் சொல்லுங்கள். ஏன் என்று வைத்திய நிபுணர் கேட்பார்; பதில் உங்களிடம் இருக்கிறது.

அந்தத் தழும்பைப் பற்றி இன்னும் கொஞ்சம். எமது நோயாளர் பலரின் உடலில் செல் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. "சத்திரசிகிச்சை செய்ததா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள்; எடுக்காமல் விட்டதால் அது அவர்களுக்குச் சத்திரசிகிச்சை அல்ல. "உடம்புக்குள்ள ஏதும் துண்டு கிடக்குதா அம்மா?" என்று கேட்க வேண்டும். உலோகத் துண்டு உள்ளவரை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அனுப்புவது ஆபத்தாகலாம், விசேடமாகக் கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ அருகில் இருந்தால். எனவே அது பதியப்பட வேண்டும். "2009, செல் துண்டுக் காயம், வலது தொடை, துண்டு அகற்றப்படவில்லை" என்பது போதும். எங்கே நின்றார், யாரோடு நின்றார், குடும்பத்தில் யார் காணாமற்போனார் என்பவை சிகிச்சைக்குத் தேவையற்றவை. நம்பிச் சொன்னதை முப்பது பேர் இருக்கும் அறையில் வாசிக்கக் கூடாது. பெயரும் ஊரும்கூட முன்வைப்பில் வேண்டாம். வயது, பால், கட்டில் இலக்கம் போதும். கையடக்கத் தொலைபேசியில் படம் எடுத்து ஸ்லைடில் போடுவதானால் அவரிடம் அவர் மொழியில் அனுமதி கேளுங்கள். முகம் தெரியக் கூடாது.

பழைய வருத்தங்களும் குளிசைகளும் அடுத்து. குருதி அமுக்கத்துக்கு அத்தினோலோல் போன்ற பீற்றா தடுப்பான் எடுப்பவருக்கு அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். கிளினிக் கொப்பி வீட்டில் இருந்தால் தொலைபேசியில் வாசிக்கச் சொல்லுங்கள். பல கொட்டு வாங்கியவருக்குத் தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சிறுநீரின் நிறத்தையும் மணித்தியால அளவையும் நீங்கள்தான் முதலில் காண்பீர்கள். காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தோடு நின்றுவிடவில்லை, வவுனியாப் பக்கமும் உண்டு. ஆகவே முன்னைய கிரியற்றினின் அளவு இருந்தால் தேடி எடுங்கள்.

இவற்றை எந்த ஒழுங்கில் சொல்வது? உங்கள் விடுதியில் கோர்டனின் 11 சுகாதாரப் பாங்குகளைக் கேட்டால் அதில் எழுதுங்கள். நேரம் குறைவென்றால் நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு படி போதும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளில் தொடங்கி வைத்தியசாலைக்கு வந்த முறை அது. புதியவர்கள் தடுமாறுவது மூன்றாம் படியில். "அனபிலெக்சிஸ்" என்பது வைத்தியரின் நோய் நிர்ணயம். உங்களுடையது, மூச்சுப்பாதை ஒடுங்கியதால் சுவாசம் போதவில்லை, குருதி அமுக்கம் விழுந்ததால் இழையங்களுக்குக் குருதி போதவில்லை, மீண்டும் வரும் அபாயம் உண்டு, அச்சம் உண்டு என்பவை. ஒவ்வொன்றுக்கும் நீங்கள் என்ன செய்தீர்கள், அதன்பின் எண் எப்படி மாறியது என்று காட்டுங்கள். கால்களை உயர்த்திப் படுக்கவைத்தது, இருந்தெழும்ப விடாதது எல்லாம் சிறு வேலைகள்தாம். ஆனால் திடீரென எழுந்து நின்றதால் இறந்தவர்கள் உண்டு. நோய்பற்றிப் பாடப்புத்தகத்தில் பார்த்து எழுதிய பத்து ஸ்லைட்டை ஒருவரும் கேட்கமாட்டார்கள். இரண்டு போதும்.

ஆங்கிலம் தடக்கினால் குறுகிய வாக்கியங்களாக எழுதி, விடுதித் தோழி ஒருத்தியை வைத்து இரண்டு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பதில் தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லலாம். பார்க்காத எண்ணைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

கடைசியாக, வீடு திரும்பும் திட்டம். ஒவ்வாமை சில மணித்தியாலங்களின் பின் இரண்டாம் முறை வரலாம் என்பதால்தான் அவதானிப்பில் வைத்திருந்தோம் என்பதை அவருக்கும் பஸ்ஸில் காத்திருப்பவர்களுக்கும் தமிழில் சொல்லுங்கள். கொட்டினால் அடுத்த முறையும் இப்படி ஆகலாம் என்பதைத் துண்டில் தமிழில் எழுதிக் கொடுங்கள். தம்புள்ளையில் இருந்து ஏ9 வீதியால் கிளிநொச்சிக்கு நீண்ட பயணம். மூச்சு இறுகினால் வீடு மட்டும் பொறுத்துக்கொண்டு போகாமல் வவுனியாவிலோ மாங்குளத்திலோ வைத்தியசாலையில் இறங்கச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னதையும் நேரத்தோடு குறிப்பில் எழுதி, முன்வைப்பின் கடைசி ஸ்லைடில் சேருங்கள்.