உருக்கும் மணி எல்லையும்

எஃகினைத் தமிழில் உருக்கு எனவும் வழங்குவர். உருக்கப்பெற்றது என்னும் பொருளுடைய இப்பெயர், அதன் ஆக்கத்தில் ஒரு படியையே சுட்டுகின்றது. உருக்கியபின் நிகழும் ஆறுதலும் மீளச் சூடேற்றலும் அதன் வலிமையை எங்ஙனம் வரையறுக்கின்றன என்பதை ஈண்டு இருவேறு காலச் சான்றுகளால் ஆராய்வோம்.

உருகிய உலோகம் இறுகுங்கால் நுண்ணிய படிக மணிகளாக அமைகின்றது. மணியொடு மணி பொருந்தும் இடம் மணி எல்லை எனப்படும்.

தென்னார்க்காட்டுப் பகுதியின் மேல்சிறுவலூரில் பண்டைய மூசை உருக்குத் தொழிலின் எச்சங்கள் கிடைத்ததை 1994இல் சாரதா சீனிவாசன் வெளியிட்டார். இத்தொழிலில், மூடிய மண் மூசையுள் இரும்பும் கரிதரும் பொருளும் இட்டுச் சூடேற்றுவர். இவ்வாறு பெறும் உருக்கில் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு வரை கரி இருக்கும். மெல்ல ஆறுகையில் மிகைக்கரி இரும்பொடு கூடி, எளிதில் நொறுங்கும் சேர்மமாய் எல்லைகளில் தொடர்ந்த வலைபோற் படியும். அளவுமீறிக் காய்ச்சி அடித்தால் கட்டி சிதறும். அளவான சூட்டில் பன்முறை அடித்தால் வலை அறுந்து சிறு துகள்களாகும். 1795இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் இராயல் சொசைட்டிக்கு அளித்த ஆய்வுரையில் 'ஊட்சு' எனக் குறித்தது இத்தகைய இந்திய உருக்கையேயாம்.

இனி, மாமல்லபுரத்திற்குத் தெற்கே புதுப்பட்டினத்தை அடுத்த கல்பாக்கத்தை நோக்குவோம். 1971இல் அங்குத் தோன்றிய அணு உலை ஆராய்ச்சி நடுவம் 1985இல் இந்திரா காந்தி பெயர் பெற்றது. அந்நடுவம் வகுத்த 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையின் நீராவி ஆக்கிகளுக்கு, 9 விழுக்காடு குரோமியமும் 1 விழுக்காடு மாலிப்டினமும் கலந்த உருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்வுருக்கினை ஏறத்தாழ 1050 செல்சியசில் சூடேற்றிக் காற்றில் ஆறவிட்டு, மீண்டும் ஏறத்தாழ 760 செல்சியசில் பதப்படுத்துவர். அப்போது கரிச் சேர்மங்கள் எல்லைகளில் நுண்துகள்களாய்த் தனித்தனியே அமர்ந்து, எல்லைகள் நகராவண்ணம் தடுக்கின்றன. அதனால் உயர்வெப்பத்தில் நெடுங்காலம் சுமை தாங்கினும் உலோகம் எளிதில் நீண்டு நெகிழ்வதில்லை. காலப்போக்கில் அத்துகள்கள் பருத்தால் அவ்வுறுதி குறையும்.

ஆகவே, எல்லையில் கரிச் சேர்மம் படிதல் தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. தொடர்ந்த வலையாயின் கேடு. பிரிந்த நுண்துகளாயின் வலிமை. பண்டைக் கொல்லர் மணி எல்லையை அறிந்திருந்தனர் எனக் கூறல் மிகையாம். உருக்கின் உள்ளமைப்பை நுண்ணோக்கியால் ஆராயும் முறையே ஷெஃபீல்டு நகரத்துச் சார்பி என்பவரால் 1863-64இல் தான் தொடங்கிற்று. எனினும், எல்லையில் நிகழ்வதைச் சூட்டளவாலும் சுத்தியலாலும் அவர்கள் ஆண்டனர். அறிவியல் பின்னர்க் காரணம் கண்டதை, தொழில்திறம் முன்னரே செயலிற் கண்டிருந்தது. கொல்லரின் பெருமை இதுவே எனக் கொள்வது வரலாற்றுக்கு ஏற்புடைத்து.