ஜான் ஹோல்ட்டும் வீட்டுவழிக் கல்வியும்

ஜான் ஹோல்ட் (1923–1985) அமெரிக்காவில் வீட்டுவழிக் கல்வி பரவக் காரணமானவர்களுள் முக்கியமானவர். இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பலில் பணியாற்றியவர். பின்னர் கொலராடோவிலும் பாஸ்டனிலும் ஆசிரியராக இருந்தார்.

தம் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் கணக்கைப் புரிந்துகொள்ள முயலாமல், ஆசிரியரின் முகத்தைப் பார்த்தே விடையை ஊகிப்பதை அவர் கவனித்தார். தவறிவிடுவோமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம் என்று 1964-இல் வெளிவந்த நூலில் எழுதினார். வகுப்பறையில் நின்ற எவரும் இதை எளிதில் மறுக்க முடியாது. பள்ளிகளைத் திருத்திவிடலாம் என்றே முதலில் நம்பினார். அந்நம்பிக்கை தளர்ந்தபின், 1977-இல் வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கென ஓர் இதழைத் தொடங்கினார்.

அன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் பல மாநிலங்களில் கட்டாயக் கல்விச் சட்டப்படி நீதிமன்றம் ஏற நேர்ந்தது. சிலர் அக்கம்பக்கத்தார் அறியாமல் கற்பித்தனர். அத்தகையோர் இதழுக்கு எழுதிய கடிதங்கள் ஒருவருக்கொருவர் துணையாயின. கல்வி அதிகாரிகளை எப்படி அணுகுவது, சட்டம் என்ன சொல்கிறது என்பவை அதில் இடம்பெற்றன. வீட்டையே சிறு பள்ளியாக்கிக் கால அட்டவணைப்படி பாடம் நடத்துவதை ஹோல்ட் ஏற்கவில்லை. பெரியவர்கள் செய்யும் வேலைகளில் கலந்துகொண்டே குழந்தை கற்கும் என்றார்.

1993-க்குள் 50 மாநிலங்களிலும் வீட்டுவழிக் கல்வி சட்டப்படி ஏற்கப்பட்டது. அதைக் காண ஹோல்ட் இல்லை. அவர் தொடங்கிய இதழ் 2001 வரை வெளிவந்தது.