கற்பனைச் சோழரும் கல்வெட்டுச் சோழரும்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரை வார இதழில் வெளிவந்த தொடர்கதை. 1958இல் எம். ஜி. ராமச்சந்திரன் அதனைப் படமாக்க எண்ணினார், அம்முயற்சி கைகூடவில்லை. இறுதியில் மணிரத்னத்தின் இயக்கத்தில் முதற்பாகம் 2022 செப்டெம்பர் 30ஆம் நாளும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28ஆம் நாளும் திரைக்கு வந்தன. இடையே கழிந்த ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில், மூன்று தலைமுறை வாசகர்கள் வந்தியத்தேவனையும் நந்தினியையும் தத்தம் மனத்திலே கண்டு பழகியிருந்தனர். ஆகவே அவர்களிற் பலர் ஒரு வழக்கோடுதான் கொட்டகைக்குள் நுழைந்தனர்.

முதலாவது வழக்கு மூலக்கதையைப் பற்றியது. நாவலில், பூமாலை கட்டிப் பிழைக்கும் சேந்தன் அமுதனே அரியணைக்குரிய இளவரசன் என்பது முடிவில் வெளிப்படுகிறது. படம் இவ்விழையை விட்டுவிட்டது. வாசகர் பலர் இதனைப் பெருங்குறையாகக் கண்டனர். ஆனால் சேந்தன் அமுதன் கல்கியின் கற்பனை, நந்தினியும் அவ்வாறே. ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புற்றோரின் நிலம் பறிக்கப்பட்டதை உடையார்குடிக் கல்வெட்டுக் கூறுகிறது. நந்தினியை அது அறியாது. கற்பனையிலே செய்த மாற்றத்தைச் சரித்திரத்துக்கு இழைத்த துரோகமாகக் கருதுமளவுக்கு, நாவல் நம் மனத்தில் வரலாற்று நூலின் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது வழக்கு மன்னனின் சமயத்தைப் பற்றியது. இராசராசனை இந்து அரசனாகக் காட்டும் போக்கினை 2022 ஒக்டோபரில் இயக்குநர் வெற்றிமாறன் கண்டித்தார். அக்காலத்தில் சைவம், வைணவம், சமணம் என்பனவே இருந்தன, இந்து மதம் என்ற பெயர் இருக்கவில்லை என்று கமல் ஹாசன் கூறினார். எதிர்ப்புக் குரல்களும் எழுந்தன. வாதம் பயனுள்ளதே. ஆயினும் அது மன்னன் எவருக்கு உரியவன் என்ற வினாவோடு நின்றுவிட்டது. மன்னனின் ஆட்சியைச் சுமந்த மக்கள் எவர் என்ற வினா எழவேயில்லை.

இலங்கைத் தமிழரிடத்து இப்படம் வேறோர் உணர்ச்சியைத் தொட்டது. 2009இல் பேரழிவோடு முடிந்த போரைக் கண்ட ஒரு மக்கள், கடல் கடந்து வென்ற தமிழ் மன்னனைத் திரையிற் கண்டு நெஞ்சு நிமிர்த்துவது வியப்பன்று. கதையில் பௌத்த பிக்குகள் இலங்கையின் முடியையே அருள்மொழிக்கு அளிக்க முன்வருகின்றனர், அவனோ மறுத்துவிடுகிறான். சரித்திரம் இத்துணை மென்மையானதன்று. 993ஆம் ஆண்டளவில் அம்மன்னனின் படை அனுராதபுர அரசை வீழ்த்தியது. 1017இல் அவன் மகன் இராசேந்திரனின் படையினர் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தனர். விகாரைகளைக் கொள்ளையிட்டனர் என்று சூளவம்சம் உரைக்கிறது. ஈழத்துக் கிராமங்கள் சிலவற்றின் வருவாய் தஞ்சைப் பெருங்கோயிலுக்கு எழுதிவைக்கப்பட்டதைச் சோழர் கல்வெட்டே பகர்கிறது. உழுதவனின் நெல் கடல் கடந்தது. படத்திலே அந்த உழவனுக்கு இடமில்லை. அவனைத் தேடிய பார்வையாளரும் அரியர்.

இனித் திருகோணமலைக்கு வருவோம். அன்புவழிபுரத்திலிருந்து சில மைல் தொலைவில், பெரியகுளத்தருகே வெல்கம் விகாரை உள்ளது. சோழராட்சியில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். அங்குள்ள பதினோராம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள், புத்தர் பள்ளிக்குத் தமிழர் பசுக்களையும் நந்தாவிளக்குகளையும் தானம் செய்ததைப் பதிந்துள்ளன. விகாரையென்றால் சிங்களவரது, தமிழரென்றால் சைவர் என்னும் இரு தரப்புப் பிடிவாதத்துக்கும் அக்கற்கள் இடங்கொடுப்பதில்லை.

இவ்வுண்மைக்கு இன்று அவசரத் தேவை உண்டு. 2020 யூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளர் அதன் தலைவராக நியமிக்கப்பட்டார். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் அம்மாகாணத்துக்கென நியமிக்கப்பட்ட அக்குழுவில் தொடக்கத்தில் அவ்விரு சமூகத்தவர் ஒருவரேனும் இல்லை. பழங்கல் ஒன்று காணிக்கு உறுதிப்பத்திரமாகும் இடத்தில், பயிர் செய்யும் ஏழையே முதலில் அஞ்ச வேண்டியவனாகிறான். இந்த அநீதிக்கு விடையாகத் திரையில் கண்ட சோழப் பேரரசை நாம் நீட்டுவோமாயின், ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வெற்றியே இன்றைய உரிமை என்னும் அதே தர்க்கத்தைத்தான் ஒப்புக்கொள்கிறோம். நம் மக்களின் நில உரிமை, அவர்கள் அங்கு வாழ்ந்து உழைப்பதனால் வருவது. எந்த மன்னனின் வாளாலும் வந்ததன்று.

கல்கியின் கதையைச் சுவைப்பதில் குற்றமில்லை. படத்தைப் பார்த்து மகிழ்ந்த மாணவரை நம் ஆசிரியர்கள் ஒருநாள் பெரியகுளத்துக்கு அழைத்துச் செல்லட்டும். அக்கல்வெட்டுகளின் தமிழை வாய்விட்டுப் படிக்கச் செய்யட்டும். விளக்குக்கு நெய் தந்த பசுக்களை மேய்த்தவர் யார், அவர் பெயர் ஏன் கல்லில் இல்லை என்று ஒரு மாணவனேனும் கேட்பானாயின், அங்கே சரித்திரக் கல்வி தொடங்கிவிட்டது.