காலைப் பிடித்துப் பிழைத்த கதை

"சார், முப்பது வருசத்துக்கு மேல அந்த வேலையிலே எப்படி நிலைச்சு நின்னீங்க?" என்று யாராவது கேட்டால், "காலைப் பிடித்துத்தான்" என்பேன். கேட்டவர் சங்கடப்பட்டுச் சிரிப்பார். நான் சொன்னது நிஜம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் 1979 முதல் 2012 வரை உடற்கல்வி இயக்குநராக இருந்தேன். ஓட்டம், கைப்பந்து, சதுரங்கம் என்று எல்லாவற்றுக்கும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் என் கையில் இருந்த தொழில் ஒன்றே ஒன்று: கபடியில் பிடி. அதிலும் கணுக்கால் பிடி. பாடிப் போகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். பிடிக்க நிற்கிறவனுக்கு வாத்தியார் கிடையாது. அந்தக் காலி இடத்தில் போய் நான் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த வருடங்கள் முழுக்க என் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு நகவெட்டி இருக்கும். நகம் வளர்ந்திருந்தால் நடுவர் இறங்கவிடமாட்டார். உடம்பில் எண்ணெய் பூசியிருந்தாலும் இறங்க முடியாது. ஆட்டத்துக்கு முன்னால் ஏழு பேரையும் வரிசையாக நிறுத்தி, பதினாலு கையையும் பார்ப்பேன். பிறகு தொடையில் ஒரு தடவு தடவுவேன். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு விளக்கெண்ணெய் ஆசை உண்டு. வழுக்கினால் பிடிபடமாட்டோம் என்று நினைப்பார்கள். எண்ணெய் பூசிய உடம்பு பிடிக்கப் போகும்போதும் வழுக்கும் என்பதை யோசிக்கமாட்டார்கள்.

என் ஊர் கீரனூர்ப் பக்கம். சரளை மண். விழுந்தால் முழங்கால் தோல் அங்கேயே தங்கிவிடும். அதனால் பொங்கலுக்குப் பத்து நாள் முன்பே கண்மாய் வண்டலை மாட்டுவண்டியில் அள்ளிவந்து, சலித்த மணலைக் கலந்து பரப்புவோம். எங்கள் மாவட்டமும் ஒரு பொங்கலை ஒட்டித்தான் பிறந்தது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் திருச்சி மாவட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14ல். அந்த வருடப் பொங்கல் ஆட்டத்தில் நான் மூலையில் நின்றேன். பக்கத்து ஊர்க்காரன் ஒருவனுடைய முழங்கால் என் முன்பல் ஒன்றைக் கொண்டுபோனது. ஊர் அவன் பெயரைத்தான் ஒரு வருடம் பேசியது. பிடித்தவன் நான், புகழ் அவனுக்கு. எனக்குள் இந்த வழக்கு அன்றைக்கு ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது அதற்குச் சடுகுடு என்றுதான் பெயர். ஊருக்கு ஊர் பாட்டு வேறு, விதி வேறு. அவுட் ஆனவன் திரும்ப உள்ளே வரலாம் என்பது ஒரு முறை. அவுட் ஆனவன் கடைசிவரை வெளியே உட்கார வேண்டும் என்பது இன்னொரு முறை. வடக்கே இவற்றுக்கு சஞ்சீவனி, காமினி என்று பெயர் வைத்தார்கள். இன்றைய கபடி சஞ்சீவனியின் பிள்ளை. ஒருவனைப் பிடித்தால் நம் ஆள் ஒருவன் உயிர்த்தெழுந்து வருவான். எங்கள் ஊர்ச் சடுகுடுவில் பிடிக்கிறவனுக்குக் காதுதான் முதல் ஆயுதம். ஒரே மூச்சில் பாட வேண்டும் என்பதால், பாட்டு எப்போது தேய்கிறது என்று கேட்டுக்கொண்டே நிற்போம். குரல் கம்மும்போது பாய்வோம். இப்போது ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. கடிகாரம் வந்த பிறகு காதின் வேலை குறைந்து கண்ணின் வேலை கூடிவிட்டது. நல்லதா கெட்டதா என்று கேட்டால், என் மாதிரிக் கிழவர்களுக்குக் கெட்டது.

ஊர் ஆட்டம் எப்படிக் கல்லூரிக்குள் வந்தது என்பது தனிக் கதை. 1920ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்தவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியின் மேலாளராகப் போனவர். அப்படிப்பட்டவர் நம் நாட்டு ஆட்டங்களையும் பாடத்தில் வைத்தார், விதிகளைத் திரட்டிப் புத்தகம் போட்டார். துரை சொன்னதால்தான் நம்மவர்கள் சடுகுடுவை மதித்தார்கள் என்று சொல்வது முழு உண்மை ஆகாது. மகாராஷ்டிரத்திலும் பரோடாவிலும் அதற்கு முன்பே விதி எழுத உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு விசிலோடு போன டிரில் மாஸ்டர்களில் பலர் அந்தக் கல்லூரியிலிருந்து கிளம்பியவர்கள். 1976ல் நானும் நந்தனத்தில் அந்த மரங்களுக்கடியில் போய் நின்றேன். 1938ல் கல்கத்தாவில் நடந்த தேசிய விளையாட்டில் கபடி சேர்ந்தது, 1950ல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு உருவானது, 1952ல் ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி நம் சென்னையிலேயே நடந்தது. இதெல்லாம் அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

எங்களுக்குச் சோறு போட்டவை இன்னும் இரண்டு வருடங்கள். 1961ல் பல்கலைக்கழக விளையாட்டு வாரியம் கபடியை ஏற்றது. 1971ல் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்சியாளர் பட்டயப் படிப்பில் அதைச் சேர்த்தது. முதலாவதால் மாணவனுக்கு விளையாட ஒரு காரணம் கிடைத்தது: பல்கலைக்கழக அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் ரயில்வே, போலீஸ், வங்கி, மின்வாரியம் என்று ஏதாவது ஒரு கதவு திறக்கும். இரண்டாவதால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெயர் கிடைத்தது. அதுவரை 'சொல்லிக்கொடுக்கிறவர்' என்பார்கள், பிறகு 'கோச்' ஆனோம். சம்பளம் மாறவில்லை.

பாட்டியாலா படிப்பு வந்த பிறகு நிற்கும் இடங்களுக்கும் பெயர் வந்தது. லெஃப்ட் கார்னர், லெஃப்ட் இன், லெஃப்ட் கவர், சென்டர், பிறகு அதே வரிசை வலப்பக்கம். ஊரில் 'மூலை' என்றுதான் சொன்னோம். கார்னர் ஆனதும் பையன்கள் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்கள், மறுக்கமாட்டேன்.

இனி அந்தக் கணுக்கால். மாலை நாலரை மணி, வெயில் இன்னும் இறங்கவில்லை. மூலையில் ஒருவனை நிறுத்துவேன். எதிரே ஒருவன் போனஸ் கோட்டுக்கு வருவான். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில், பாடி வருகிறவன் தாண்டியே ஆகவேண்டிய பாக் லைன். அதற்கு ஒரு மீட்டர் தள்ளி போனஸ் லைன். உள்ளே ஆறு பேராவது இருந்தால்தான் போனஸ் செல்லும். வருகிறவன் ஒரு காலைக் கோட்டைத் தாண்டி வைத்து, மற்றக் காலைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். அந்த அரை விநாடி அவன் ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு. புதிதாக வந்த பையன் எப்போதும் முன்னே நீண்ட காலுக்குத்தான் பாய்வான், அதுதான் கண்ணில் படுகிறது. அது இரை. அதைத் தொட்டால் அவன் உன்னைத் தொட்டுவிட்டு ஓடுவான். பின்னங்கால் தரைக்குத் திரும்பி வருகிற நேரத்துக்குக் காத்திரு. இரண்டு கையாலும் கணுக்காலைச் சுற்றி, நெஞ்சோடு இழுத்துத் தூக்கு. முகத்தைக் காலுக்கு வெளிப்பக்கம் வை. இல்லாவிட்டால் என்னைப் பார், என்று பல்லைக் காட்டுவேன். சிரிப்பார்கள். அடுத்த தடவை முகத்தை ஒதுக்குவார்கள். என் ஒற்றைப் பல் அளவுக்குப் பாட்டியாலாப் புத்தகம்கூடப் பாடம் நடத்தவில்லை.

பிடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு வேலை. கவர் ஓடிவந்து இடுப்பைக் கட்ட வேண்டும், சென்டரும் பக்கத்து ஆளும் கை கோத்துச் செயின் போட்டு நடுக்கோட்டை அடைக்க வேண்டும். செயினில் விரல்களைப் பின்னிக்கொள்ளாதே, கொக்கி மாதிரி மடக்கி மாட்டு என்பேன். இதை நான் கற்றது ஒரு தவறிலிருந்து. 1980களில் என் பையன் ஒருவனுக்குப் பின்னிய விரலிலேயே எலும்பு முறிந்தது. சொல்லிக்கொடுக்காதது நான்தான். அவன் வீட்டுக்குப் போனபோது அவன் அம்மா மோர் கொடுத்தார், திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இந்த மாவட்டத்தில் கபடிக்கு ஆள் தேடுகிறவர்கள் எல்லோரும் ஜல்லிக்கட்டுப் பக்கம் போவார்கள். வருடத்தின் முதல் ஜல்லிக்கட்டு எங்கள் தச்சங்குறிச்சியில். 2019ல் விராலிமலையில் ஒரே நாளில் ஆயிரத்து முந்நூற்றுக்கும் மேல் காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன. மாடு பிடிக்கிறவன் மனுசனைப் பிடிக்கமாட்டானா என்பது அவர்கள் கணக்கு. நானும் ஏமாந்திருக்கிறேன். மாடுபிடி வீரன் வாடிவாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவன். மாடு வெளியே வந்ததும் திமிலில் தாவியாக வேண்டும், யோசித்தால் மாடு போய்விடும். அவனைக் கார்னரில் நிறுத்தினால் வருகிறவன் தோளை அசைத்தாலே தாவிவிடுவான். வந்தவன் ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போவான்.

எனக்கு ஆள் கிடைத்த இடம் கண்மாய். கோடையில் தண்ணீர் வற்றியதும் மீன்பிடித் திருவிழா நடக்கும். விடியலிலேயே சுற்றுவட்டார ஊர்கள் எல்லாம் கரையில் நிற்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் சனம் மொத்தமும் சேற்றில் இறங்கும். வலை, கச்சா, ஊத்தா எல்லாம் வரும். ஊத்தாக்காரனைப் பாருங்கள். கூம்பு மாதிரியான அந்தக் கூடையைச் சேற்றில் ஊன்றுவான். உடனே கையை விடமாட்டான். உள்ளே மீன் மோதுகிற அதிர்வைப் பிரம்பில் உணர்ந்த பிறகுதான் மேல்வாய் வழியாகக் கை போகும், தலைப்பக்கமாகப் போகும். அவசரப்பட்டால் விரால் வழுக்கும், கெளுத்தி குத்தும். அப்படி ஒருவனை ஒரு வருடம் கரையிலிருந்தே பார்த்து வைத்து, அவன் எங்கள் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படிக்கிறான் என்று தெரிந்ததும் துள்ளினேன். அதுவரை அவன் கபடி ஆடியதே இல்லை. இரண்டாம் வருடம் பாரதிதாசன் பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போனான்.

தேர்வில் அவனை எடுக்கவில்லை. ஏழு பிடி பிடித்தான், ஒரு தடவைகூடப் பாடிப் போகவில்லை. "இந்தப் பையன் என்ன செய்வான்?" என்று கேட்டார் தேர்வாளர்களில் ஒருவர். ஏழு பிடியையும் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் அவர். பெயர் வேண்டாம். இது ஒரு ஆளின் குறை இல்லை, அந்தக் காலத்துப் பார்வையே அப்படி. கூட்டம் கைதட்டுவது பாடுகிறவனுக்கு. மைக்காரர் பெயர் சொல்லிக் கூவுவதும் அவனைத்தான். தமிழ்நாட்டுக் கபடிக்குப் பெருமை குறையவே இல்லை: ராஜரத்தினத்துக்கு அர்ஜுனா விருது, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற மணத்தி கணேசனுக்கு 1995ல் அதே விருது. கணேசன் வாழ்க்கையைத் தழுவி 2025ல் 'பைசன்' படம்கூட வந்துவிட்டது. மூலையில் நிற்கிறவனை வைத்து யாரும் படம் எடுத்ததாகத் தெரியவில்லை.

என் வழக்குக்கு ஒரு சாட்சி தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து வந்தார். திருச்சனம்பூண்டிக்காரர் தர்மராஜ் சேரலாதன், ரைட் கார்னர். 2014ல் புரோ கபடி லீக் தொடங்கியபோது அவருக்கு வயது முப்பத்தொன்பது. மற்றவர்கள் ஓய்வு பெறுகிற வயது. 2016ல் பாட்னா அணிக்குத் தலைவராக நின்று கோப்பையை வாங்கினார். அதே வருடம் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். வடநாட்டுப் பையன்கள்கூட அவரை 'அண்ணா' என்றே கூப்பிட்டார்கள். டி.வி.யில் அவர் நிற்பதைப் பார்ப்பேன். குனியமாட்டார், குதிக்கமாட்டார். வருகிறவனுடைய இடுப்பை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பார். பின்னாளில் தமிழ் தலைவாஸ் அணிக்கு உத்திப் பயிற்சியாளராக அவரைக் கூப்பிட்டார்கள் என்று படித்தபோது, பிடிக்கிறவனுக்கும் வாத்தியார் வேலை உண்டு என்று ஊருக்கே சொல்லவேண்டும்போல் இருந்தது.

அந்த லீக் பிடிக்கு விலை வைத்தது. மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ உள்ளே நின்று ஒருவனைப் பிடித்தால் 'சூப்பர் டேக்கிள்', ஒன்றுக்கு இரண்டு புள்ளி. 2018 ஏலத்தில் முதன்முதலாக ஒரு கோடி ரூபாயைத் தொட்டவர் பாடுகிறவர் இல்லை, இரானியர் ஃபசல் அத்ராச்சலி. லெஃப்ட் கார்னர்! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று மாதம் கழித்து வேறு காரணத்துக்காகத் தூக்கம் வரவில்லை. ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் அரையிறுதியில் அதே இரானியர்கள் நம்மை 27-18 என்று தோற்கடித்தார்கள். 1990லிருந்து ஏழு தடவை தொடர்ந்து வாங்கிய தங்கம் போனது. மல்யுத்தம் ஊறிய நாடு அது. பிடித்தால் விடக்கூடாது என்பதைத் தொட்டிலிலேயே படித்தவர்கள். நாம் எந்நேரமும் பாடக் கற்றுக்கொண்டிருந்தோம்.

2023 அக்டோபர் 7, ஹாங்சோ ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் அந்த இரானியர்களே லாபியில் மாட்டிக்கொண்டார்கள். ஆடுகளத்தின் ஓரப் பட்டைதான் லாபி, யாரையாவது தொட்ட பிறகுதான் அங்கே கால் வைக்கலாம். 28-28 என்று நிற்கும்போது பவன் செராவத் யாரையும் தொடாமல் லாபிக்குள் போய்விட்டார். அவரை விரட்டிய இரானியர்களும் பின்னாலேயே இறங்கினார்கள். விரட்டியவர்களும் அவுட்டா, போனவர் மட்டும் அவுட்டா என்று பழைய விதிக்கும் புதிய விதிக்கும் சண்டை மூண்டு, ஆட்டம் நெடுநேரம் நின்றது. முடிவில் 33-29, தங்கம் நமக்கு. வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும், "வெறும் ஆளை ஏன்டா விரட்டினீங்க?" என்று டி.வி.யைப் பார்த்து இரானியர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். மனைவி ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்தக் கண்மாய்ப் பையன் இப்போது அறந்தாங்கிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். தலை நரைத்துவிட்டது. போன மாதம் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தான். மறுநாள் காலை மாவட்டப் போட்டி. அவன் அணியில் மூலையில் நிற்கிறது ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை.

"சார், முன்னங்காலுக்கே பாயுறான் சார். எவ்வளவு சொன்னாலும் கேக்கல."

"உனக்குப் பல்லு எல்லாம் இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"அப்ப காலையில ஏழு மணிக்கு வண்டி எடுத்துட்டு வந்து என்னைக் கூட்டிட்டுப் போ."

நகவெட்டியைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படுத்தேன்.