இலையின் பெயர் கொண்ட மாத்திரை

பட்டு நெய்யும் காஞ்சிபுரத்தில் கருவுற்ற பெண் ஒருத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், அவளுக்கு இலவசமாக மாத்திரைகள் தரப்படுகின்றன. அதில் இருப்பவை இரண்டு: ஒன்று இரும்புச்சத்து, மற்றொன்று ஃபோலிக் அமிலம். இரும்பைப் பற்றிப் பலரும் அறிவர். ஃபோலிக் அமிலத்தின் கதையோ, நெசவாலைப் பெண்களிடமிருந்து தொடங்கியது என்பதை அறிந்தவர் சிலரே.

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் பலர், கருவுற்ற காலத்தில் கடும் இரத்த சோகைக்கு ஆளாகி மாண்டனர். கிருமியா காரணம்? தேடினார், அகப்படவில்லை. பிறகு அவர்களுடைய உணவைக் கவனித்தார். அதில் கீரையும் காய்கனிகளும் அரிது.

ஆராய்ச்சி நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னைக் கோஷா மருத்துவமனையிலும் தொடர்ந்தது. குறையுணவு தரப்பட்ட குரங்குகளுக்குச் சோகை கண்டது. மார்மைட் எனும் மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் குணமாயிற்று. நோயுற்ற பெண்களும் தேறினர். 1931-இல் வில்ஸ் இம்முடிவை வெளியிட்டார்.

சாற்றில் இருந்தது எது? நம் எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு வினாடியும் சுமார் இருபது லட்சம் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. ஓர் அணுவின் ஆயுள் சுமார் 120 நாட்களே. அணு இரண்டாகப் பிரிய அதன் மரபுப்பொருள் இரட்டிக்க வேண்டும். அதற்கு ஒரு வைட்டமின் தேவை. அது குறைந்தால் அணுக்கள் பருத்துப்போகின்றன, பிரிவதில்லை. எண்ணிக்கை குறைகிறது, உயிர்வாயுவைச் சுமக்க ஆளில்லை. வயிற்றில் வளரும் குழந்தைக்கும் அதே வைட்டமின் வேண்டுமாதலால் தாய்க்குத் தட்டுப்பாடு ஏற்படுகிறது.

1941-இல் இப்பொருள் பசலைக்கீரை வகை ஒன்றிலிருந்து பிரிக்கப்பட்டது. இலத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர் பெற்றது. 1945-இல் அமெரிக்காவில் இதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவின் ஆராய்ச்சித் தலைவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்கு உடன்பிறந்தோரைப் பறிகொடுத்தவர். அந்நோயிலும் இதே சத்துக் குறைகிறது.

எனினும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்த சோகை. மலம் கறுக்கிறதென்று அஞ்சி மாத்திரையை நிறுத்துவோரும் உண்டு. அது இரும்பின் நிறமே, தீங்கில்லை. நாள்தோறும் கீரை, பயறு; மருத்துவர் சொன்ன காலம்வரை மாத்திரை. பம்பாய் ஆலைப் பெண்கள் பட்ட துயரிலிருந்து பிறந்த மருந்து, அலமாரியில் கிடக்கலாகாது.