முட்களை எண்ணிப் பிரித்த சிற்றினங்கள்: இந்தியச் சூரியச் சிலந்திகளின் வகைப்பாட்டு வரலாறு

சூரியச் சிலந்தி என்னும் பெயரின் இரு சொற்களுமே பொருந்தாதவை. அவ்வுயிரி சிலந்தியினத்தைச் சேர்ந்ததன்று. அதற்கு நூல் நூற்கும் உறுப்பும் இல்லை. சோலிஃபியூகே என்ற வரிசைப் பெயருக்கு இலத்தீனில் ‘கதிரவனை விட்டு ஓடுவது’ என்று பொருள். அவற்றுள் பெரும்பாலானவை இரவில் இரை தேடுபவை. பெயரில் காணும் இக்குழப்பம் வகைப்பாட்டிலும் நெடுங்காலம் நீடித்தது.

1772இல் பல்லாஸ் இவ்வரிசையின் ஓர் உயிரியை விவரித்தபோது, அதனை நெடுங்கால் அறுவடைப்பூச்சிகளின் பேரினத்தில் வைத்தார். 1797இல் வங்காளத்து மாதிரி ஒன்று, ‘சிறகற்ற பூச்சிகள்’ பற்றிய ஜெர்மானிய நூலொன்றில் பெயர் பெற்றது. இன்று அது கேலியோடிஸ் ஃபேடாலிஸ் எனப்படுகிறது. இந்திய மண்ணிலிருந்தே எழுந்த முதன்மையான முயற்சி ஸ்டோலிஸ்காவினுடையது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் தொல்லுயிர் ஆய்வாளராகப் பணியாற்றிய அவர், 1869இல் வங்காள ஆசியக் கழக இதழில் கேலியோடிஸ் ஓரியண்டாலிஸ் என்ற சிற்றினத்தை விவரித்தார். 1900இல் வெளிவந்த போக்காக்கின் ‘பிரிட்டிஷ் இந்திய விலங்கினங்கள்’ தொகுதி, அதுவரை சிதறிக் கிடந்த செய்திகளை ஒழுங்குபடுத்தியது.

போக்காக் லண்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். அவர் கண்டவை சாராயக் குப்பிகளில் வந்து சேர்ந்த உடல்கள். உயிரி வாழ்ந்த நிலம், வளை, நடமாடிய பருவம் ஆகியவை குப்பியில் ஒட்டிய சீட்டில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. எனவே விவரணை உடலமைப்பை மட்டுமே சார்ந்து நின்றது.

1934இல் நிறைவுற்ற ரோவரின் பெருநூல் அவ்வணுகுமுறையை அதன் எல்லைவரை கொண்டு சென்றது. கால்களின் கணுக்கள், அவற்றிலுள்ள முட்களின் எண்ணிக்கை, அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு அவர் பேரினங்களைப் பிரித்தார். அட்டவணை தெளிவாக இருந்தது. உயிரிகள் அதற்கு அடங்கவில்லை. ஒரே சிற்றினத்தின் தனியுயிரிகளுக்கிடையே முட்கள் வேறுபடக்கூடும் எனப் பின்வந்தோர் சுட்டிக்காட்டினர். ஆயினும் மாற்று அமைப்பு இல்லாமையால் அந்நூலே பல பத்தாண்டுகளுக்கு வழிகாட்டியாக நீடித்தது.

தாடைக் கொடுக்குகளின் பல்லமைப்பும், ஆண் உயிரியின் கொடுக்கில் அமைந்த கசையுறுப்பும் நம்பகமான அடையாளங்களாகக் கருதப்படுகின்றன. 2015இல் பேர்ட், வார்ட்டன், பிரெண்டினி ஆகியோர் இவ்வுறுப்புகளுக்கு ஒருமித்த கலைச்சொற்களை வகுத்தனர். 2023இல் மரபணுத் தொடர் ஆய்வொன்று இவ்வரிசையை வடபுலம், தென்புலம் என இரு துணைவரிசைகளாகப் பிரித்தது.

எனினும் பழைய கடன் தீரவில்லை. இந்தியாவில் ஒரு மாணவர் புதியதெனக் கருதும் உயிரியைக் கண்டெடுத்தால், அது உண்மையிலேயே புதியதா என்று உறுதிசெய்ய நூறாண்டுப் பழமையான விவரணைகளோடு ஒப்பிட வேண்டும். அவற்றுக்கு அடிப்படையான வகைமாதிரிகள் பலவும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ளன. பெண் உயிரியோ இளவுயிரியோ மட்டும் கிடைத்தால் கசையுறுப்பும் துணை செய்யாது.

இதனிடையே இவ்வுயிரிகள் வாழும் வறண்ட புல்வெளிகளும் முட்புதர்க் காடுகளும் அரசுப் பதிவேடுகளில் ‘தரிசு’ என்ற தலைப்பின் கீழ் வந்து, பிற பயன்பாடுகளுக்கு ஒதுக்கப்படுகின்றன. ஒரு நிலத்தில் என்ன வாழ்கிறது என்று பெயர் சொல்ல இயலாதபோது, அங்கு எது அழிந்தது என்றும் சொல்ல இயலாது. பழைய பெயர்களைச் சரிபார்க்கும் பணி, புதிய சிற்றினத்தைக் கண்டறிவதற்கு இணையான ஆய்வாக மதிக்கப்படவேண்டியதன் காரணம் இதுவே.